வலது பக்கத்து ஈரம்

இல்ல தூரிட் அக்கா, சாவி தரமாட்டேன்னு சொல்லல. சாவி அந்தா, ஆணியிலதான் தொங்குது. வண்டி இன்னும் முடியலன்னுதான் சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், கிரீஸா இருக்கு. இதுல உக்காருங்க. கோட்டைக் கழட்டி ஹீட்டர் மேல போடுங்க, சொட்டச் சொட்ட வந்து நிக்கிறீங்க.

தெரியும். சனிக்கிழமை கல்யாணம். மறப்பேனா? பேத்தி இந்த வண்டியிலதான் சர்ச்சுக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, அதுவும் தெரியும். நீங்க அதைச் சொல்லி மூணு வாரம் ஆச்சு. அன்னைலேர்ந்து எனக்கு வேற நினைப்பே இல்ல. காபி ஊத்தறேன். பால் இல்லாமத்தானே? தொட்டுக்க ஃபெர்ரியில வாங்கின அப்பம் ரெண்டு இருக்கு, காலையில வாங்கினதுதான். வேணாமா? சரி, இங்க வச்சிருக்கேன்.

மூணாவது தடவைதான், ஆமா. யார் இல்லைன்னா? ஒரு கார்ல தண்ணி ஒழுகுறதை நிறுத்த ஒருத்தனுக்கு மூணு தடவை ஆச்சுன்னா ஊர் சிரிக்காம என்ன செய்யும்? கடையில லெய்ஃப் கேக்கறான், ஏன்டா மாக்னே, தூரிட் வண்டியில சால்மன் மீன் வளக்கறியாமேன்னு. நானும் சேந்து சிரிச்சுட்டு வந்துட்டேன்.

பழைய வண்டியில இதான் தொல்லை. தண்ணி சொட்டுற இடம் ஒண்ணு இருக்கும், நுழையுற இடம் வேற எங்கயாவது இருக்கும். கூரையில நுழைஞ்சு, கூரையைத் தாங்குற கம்பத்துக்குள்ளயே இறங்கி, சீட்டுக்கு அடியில வந்து எட்டிப் பாக்கும். நீங்க கால் வைக்கிற இடத்துல குளம் கட்டும், ஆனா ஓட்டை உங்க தலைக்குப் பின்னால இருக்கும். அதைத் தேடணும்னா ஒரு ஆள் வெளிய நின்னு ஹோஸ்ல தண்ணி அடிக்கணும், ஒரு ஆள் உள்ள உக்காந்து டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு பாக்கணும். எனக்குத்தான் ஆள் இல்லையே. ஹோஸைக் கூரை மேல கட்டி வச்சுட்டு நானே உள்ள போய் உக்காந்துக்குவேன். வலது பக்கத்து சீட்ல. வெளிய தண்ணி விழுற சத்தம். உள்ள நான், கால்கிட்ட செய்தித்தாளை விரிச்சு வச்சுக்கிட்டு, எப்ப முதல் சொட்டு விழும்னு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அப்படி உக்காந்திருந்தா என்னென்னமோ நினைப்பு வரும் அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்கிற மாதிரி இருக்கும். துடைச்சுப் பாத்தா தண்ணிதான்.

போன வருஷம் முதல்ல வந்தப்ப கதவு ரப்பரை மாத்தினேன். ஞாபகம் இருக்கா? பவுடரைத் தடவி, கதவைச் சாத்தி, ரப்பர் எங்க படியுது எங்க படியலன்னு காட்டினேன். நீங்ககூட, குழந்தைக்குப் போடுற பவுடரை இதுக்குப் போடறியான்னு கேட்டீங்க. ரெண்டாவது தடவை முன் கண்ணாடி ரப்பர். நார்வே முழுக்கத் தேடிட்டு, கடைசியில பெர்கன்ல ஒரு கிழவர் வீட்டு மச்சுல கிடந்ததை வாங்கிட்டு வந்தேன். சோப்புத் தண்ணியைத் தடவி, நூலைக் கொடுத்து இழுத்து, ஒரு நாள் பூரா அந்த வேலை. சுத்தமான வேலை. நானே சொல்லிக்கக் கூடாது, இருந்தாலும் சுத்தமான வேலை.

ஆனா ஒழுகுறது நிக்கல. நிக்காது.

இருங்க, சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க. இதை ஒரே மூச்சுல சொல்ல எனக்கு வராது.

வண்டிக்குள்ள கால் வைக்கிற கம்பளத்தைத் தூக்கினப்போ தரைத் தகட்டைப் பாத்தீங்கதானே? ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினேன், பிஸ்கட்டுல குத்தின மாதிரி உள்ள போச்சு. அம்பத்தேழு வருஷ வண்டி. கடல் உப்பு ஒரு பக்கம், பனிக்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு ஒரு பக்கம், மிச்ச நாளெல்லாம் மழை. துருப்பிடிக்கலன்னாதான் ஆச்சரியம். அதை நான் பெரிசா எடுத்துக்கல. ஆனா அந்தத் தகட்டுக்கு அடியில ஒரு ஒட்டு, அதுக்கு அடியில இன்னொரு ஒட்டு, அதுக்கும் அடியில ஒண்ணு. மூணு தடவை யாரோ தரையை வெட்டி ஒட்டியிருக்காங்க. வலது பக்கம் மட்டும். அது எதுவும் இந்த ஷெட்ல செஞ்ச வேலை இல்ல.

இது ஹல்வார் முதலாளி வண்டியா இருந்தப்ப வேற ஷெட்டுக்குப் போகும்னு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒரு பல்பு போனாக்கூட இங்கதான் வருவார். எங்க இங்வால்ட் மாமா இந்தப் பட்டறையை நடத்தின காலத்துலேர்ந்தே அப்படி. மீன் ஃபாக்டரி அவரோடது, ஊர்ல பாதிப் பேர் அவர்கிட்ட வேலை பாத்தவங்க, எங்கம்மாவும்தான். ஊர்ப் பட்டறையை விட்டுட்டு வெளியூர் போனா நல்லா இருக்காதுன்னு அவரே சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் இந்தத் தரையை ஒட்ட மட்டும் ஃபெர்ரி ஏறி ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கார். மூணு தடவை. எங்ககிட்ட ஒரு வார்த்தை, ஹல்வார் நெஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்ல, என் வண்டி ஒழுகுதுன்னு.

ஆமா, உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அந்த சீட்ல எத்தனை வருஷம் உக்காந்து போயிருக்கீங்க. டவுன் ஆஸ்பத்திரிக்கு, பொண்ணு ஸ்கூலுக்கு, எல்லாத்துக்கும் அவர்தானே கூட்டிக்கிட்டுப் போனார். ஓஹோ, ஸ்பாஞ்சா? சீட்டுக்கு அடியில டப்பா ஒண்ணு இருந்துச்சா? ஃபெர்ரிக்கு நிக்கிறப்ப அவரே குனிஞ்சு, உங்க கால்கிட்ட இருக்குற தண்ணியை ஒத்தி எடுத்துப் பிழிவாரா? இது எனக்குத் தெரியாது. முதலாளி, அவ்ளோ பெரிய மனுஷன், உங்க காலடியில... ம்.

நல்ல மனுஷன்னுதான் ஊரே சொல்லுது. நானும் சவ அடக்கத்துல நின்னு கேட்டேன். புருஷனை இழந்தவளுக்கு ஆபீஸ்ல வேலை கொடுத்தார், பொண்ணைப் படிக்க வச்சார், சாகும்போது உயிரா வச்சிருந்த வண்டியை அவளுக்கே எழுதி வச்சார்னு. போன மே பதினேழாம் தேதி, தேசிய நாள் ஊர்வலத்துல ரெண்டு பக்கமும் கொடியைக் கட்டிக்கிட்டு நீங்க ஓட்டிக்கிட்டு வந்தப்ப எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கை தட்டிட்டு வீட்டுக்குப் போய், குளியலறையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

அக்கா, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.

இல்ல, விளையாடல. கதவு ரப்பரை மாத்தினப்பவும் தெரியும், கண்ணாடி ரப்பரை மாத்தினப்பவும் தெரியும். ரெண்டு தடவையும் இல்லாத இடத்துலதான் தேடினேன். தெரிஞ்சே. வேலை செஞ்ச மாதிரியும் இருக்கணும், அந்த இடத்துல கை வைக்காம இருக்கவும் செய்யணும். திட்டுங்க. திட்டுறது நியாயம். ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க.

இப்படி வாங்க, பானெட்டைத் திறந்துதான் வச்சிருக்கேன். இங்க பாருங்க. முன் கண்ணாடிக்குக் கீழ, பானெட் முடியுற இடத்துல, நீளமா ஒரு பெட்டி மாதிரி குழிவு இருக்கும். கண்ணாடியில விழுற மழையெல்லாம் இதுலதான் இறங்கும். ரெண்டு மூலையிலயும் ஒரு விரல் போற அளவு ஓட்டை. அது வழியா தண்ணி ரோட்டுக்குப் போயிடும். இடது பக்கம் சரியாத்தான் போகுது. வலது பக்க ஓட்டை அடைச்சிருந்தா தண்ணி நிரம்பி, வேற வழி இல்லாம, வண்டிக்குள்ள இறங்கும். நேரா அந்த சீட்ல இருக்குறவங்க கால் மேல. இலை, மண்ணு, துருப் பொடி எல்லாம் சேந்து அடைக்கும். சாதாரணமா மேலேர்ந்து கையை விட்டு எடுத்துடலாம். இதுல முடியாது. ஏன்னா இந்த மூலையில பழைய தகட்டை வெட்டிட்டு, புதுசா ஒரு துண்டை வச்சு பத்தவச்சு, மேல பட்டி தடவி, பெயின்ட் அடிச்சிருக்கு. வெட்டினாதான் கை போகும்.

போன வாரம் வெட்டினேன். திறந்திருக்கு பாருங்க. இல்ல, தொடாதீங்க, ஓரம் கூரா இருக்கு.

அந்த ஒட்டு வேலை இங்க செஞ்சதுதான். நான் செஞ்சது. அப்ப எனக்கு இருபது வயசு, மாமாகிட்ட சேந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. எண்பத்திரண்டு. அக்டோபர்.

ஆமா. அந்த அக்டோபர்தான்.

உக்காருங்க அக்கா. இந்த டயர் மேலயாவது உக்காருங்க. நான் சொல்லி முடிச்சுடறேன். நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

ஷெட்டைத் திறந்ததும் முதலாளி வந்து நின்னார். வண்டியை அவரே ஓட்டிக்கிட்டு வந்தார், ஒரு லைட்டோட. வலது மட்கார்டு உள்ள போயிருந்தது, கண்ணாடியில வலது ஓரம் சிலந்தி வலை மாதிரி, இந்த மூலையில தகடு கிழிஞ்சு மடங்கிக் கிடந்தது. ராத்திரி மான் குறுக்க பாஞ்சிடுச்சு இங்வால்ட்னார். நம்ம ஊர்ல மான் அடிக்காத வண்டி எது? மாசத்துக்கு நாலு வரும் எங்களுக்கு. மாமா, பெரிய மானான்னு கேட்டார். முதலாளி சாவியை நீட்டினார். அவர் முகத்துல சவரம் பண்ணாத தாடி. அதுக்கு முன்னாடி அவரை அப்படி நான் பாத்ததே இல்ல.

மாமா அவரை வீட்டுல கொண்டு விடக் கிளம்பிட்டார். வேலையை ஆரம்பிடான்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனார். மான் அடிச்ச வண்டியில மயிர் இருக்கும் அக்கா. லைட் வளையத்துல, ரப்பர் இடுக்குல, எங்கயாவது ரெண்டு இழையாவது ஒட்டிக்கிட்டிருக்கும். இதுல ஒண்ணும் இல்ல. நல்லாக் கழுவியிருந்தது. சரி, முதல்ல உடைஞ்ச கண்ணாடியை எடுப்போம்னு ரப்பரைக் கிளப்பினேன். ரப்பருக்கு அடியில ஒரு பொத்தான் சிக்கியிருந்தது. வெள்ளீயப் பொத்தான். ஸ்வெட்டர்ல தைக்கிறது, பூ அச்சு போட்டது. கிழிஞ்ச நூலோட இருந்துச்சு. நீல நூல்.

யாரோடதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா மான் ஸ்வெட்டர் போடாதுன்னு தெரியும்ல? அது தெரிஞ்சது.

மாமா திரும்பி வந்ததும் காட்டினேன். உள்ளங்கையில வச்சுப் புரட்டிப் பாத்தார். அப்புறம் என் கையிலயே திருப்பி வச்சார். அவர் மான்னு சொல்றார் மாக்னே, மான்தான்னார். அவ்ளோதான். தூக்கிப் போடுன்னுகூடச் சொல்லல. கடல் இங்கேர்ந்து அம்பது அடி. தூக்கிப் போட்டிருக்கலாம். எனக்குக் கை வரல. பையில வச்சுக்கவும் முடியல, சுடுற மாதிரி இருந்துச்சு. கடைசியில இந்தக் கிழிஞ்ச மூலைக்குள்ள போட்டேன். போட்டுட்டு, மேல தகட்டை வச்சுப் பத்தவச்சேன்.

அதுதான் உருண்டு போய் ஓட்டையில உக்காந்திருக்கு. இத்தனை வருஷமா தண்ணியை அடைச்சுக்கிட்டிருந்தது அதுதான்.

உங்க வீட்டுக்காரரை, யோஸ்டைன் அண்ணனைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு சேதி வந்தப்ப என் கையில வெல்டிங் டார்ச் இருந்துச்சு. பால் லாரிக்காரன் வந்து சொன்னான். ரோட்டு வளைவுக்குக் கீழ ஓடைக்குள்ள, சைக்கிளோட கிடந்தார்னு. மாமா டார்ச்சை நிறுத்தச் சொல்லல. நானும் நிறுத்தல.

ரெண்டு நாள் கழிச்சு போலீஸ்காரர் வந்தார், அடிபட்ட வண்டி ஏதாவது வந்துச்சான்னு. முதலாளி வண்டி வந்துச்சு, மான், அது திங்கக்கிழமையேன்னு மாமா சொன்னார். போலீஸ்காரர் என்னைப் பாத்தார். நான் ஆமான்னேன். அண்ணனை அடிச்சது செவ்வாய் ராத்திரி. ஒரே ஒரு ஆமா அக்கா. அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கல. வண்டியை எடுத்துட்டுப் போக வந்தப்ப முதலாளி அந்த மூலையை விரலால தடவிப் பாத்துட்டு, எல்லாம் மூடியாச்சான்னு கேட்டார். மூடியாச்சுன்னேன்.

அதுக்கப்புறம் நான் மான் அடிச்ச வண்டியைத் தொட்டதில்ல. எல்லாத்தையும் வேற ஷெட்டுக்கு அனுப்பிடுவேன். மாக்னே மானுக்கு ஏதோ வேண்டுதல் வச்சிருக்கான்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்களே, நீங்களும் சிரிச்சிருக்கீங்க. இதான் அந்த வேண்டுதல்.

அழுங்க அக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

நீங்க தேடினதை நான் பாத்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவர் துணியைத் திருப்பிக் கொடுத்தப்ப ஸ்வெட்டர்ல ஒரு பொத்தான் இல்லன்னு, நீங்க பின்னினது, கல்யாணத்துக்குப் பின்னினதுன்னு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கையில கம்போட அந்த வளைவுல புல்லை விலக்கி விலக்கித் தேடினீங்க. வயித்துப் பிள்ளையோட, பனி விழுற வரைக்கும். பாவம், மூளை கலங்கிடுச்சுன்னு சொன்னாங்க. நான் பஸ்ல போறப்பெல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னல்ல உக்கார மாட்டேன். நீங்க தேடினது எங்க இருக்குன்னு உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் வண்டியே உங்ககிட்ட வந்து சேந்துச்சு. ஒழுகுதுடா மாக்னேன்னு நீங்க கொண்டு வந்து நிறுத்தினப்பவே எது அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தும் ரெண்டு தடவை ஏமாத்தினேன். பேத்தி கல்யாணம்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் முடியாமப் போச்சு. யோஸ்டைன் அண்ணன் பேத்தி, வெள்ளைக் கவுனைப் போட்டுக்கிட்டு அந்த சீட்ல உக்காந்து, அந்தத் தண்ணியில காலை வச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போறதா? அது முடியாது. நான் விட மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு சின்னப் பொண்ணுதான் வாங்கிக்கிட்டா. மாமா இல்ல, முதலாளி இல்ல, நான் சொன்ன பொய்க்கும் காலம் கடந்துபோச்சாம். இனி யாரையும் எதுவும் செய்ய முடியாதுன்னா. ஆனா உங்ககிட்ட நானே சொல்லணும்னு கேட்டுக்கிட்டேன். அதான் அவங்க இன்னும் உங்க வீட்டுக்கு வரல.

பொத்தான் அந்த மேசையில, வெள்ளைத் துணிக்கு அடியில இருக்கு. சுத்தி இருந்த இரும்பெல்லாம் மாவாப் போச்சு, அது அப்படியே இருக்கு. கொஞ்சம் கறுத்திருக்கு, அவ்ளோதான். நான் தேய்க்கல. கட்டைவிரலால ஒரு தடவை துடைச்சேன், பூ தெரிஞ்சது. எடுத்துக்கங்க.

என்ன கேட்டீங்க? கேக்கல, மழைச் சத்தம். இன்னொரு தடவை சொல்லுங்க.

எத்தனை மணியா?

நீங்க இதைக் கேப்பீங்கன்னு தெரியும். டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். அண்ணன் விடிஞ்சு ஒம்பது மணி வரைக்கும் உயிரோட இருந்திருக்கார்னு. அவருக்கு ரெட்டை ஷிஃப்ட்னு நினைச்சு நீங்க தேடாம படுத்துத் தூங்கிட்டீங்கன்னு, அதை நினைச்சு நினைச்சுத்தான் நாப்பது வருஷமா உங்களை நீங்களே தின்னுக்கிட்டிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும்.

அந்த ரப்பரை நான் கிளப்பினது ஏழே முக்காலுக்கு அக்கா. மாமா இல்ல, யாரும் இல்ல, பொத்தானைக் கையில வச்சுக்கிட்டு நான் மட்டும் நின்னேன். வெளிச்சம் அப்பத்தான் வந்துக்கிட்டிருந்தது. வெளிய போய் ரோட்டைப் பாக்கலாமான்னு ஒரு தடவை தோணுச்சு. மழையா இருந்துச்சு, போகல. அந்த வளைவு இங்கேர்ந்து, நடந்தா, பத்து நிமிஷம்தான்.